கல்லூரி தரும் கணினிக் கணக்கு: மாணவர் கையில் ஒரு சாவிக்கொத்து

கல்லூரியில் புதிதாகச் சேரும் மாணவருக்கு முதல் வாரத்தில் அடையாள அட்டை, விடுதி அறையின் சாவி, பாட அட்டவணை ஆகியவற்றோடு ஒரு சிறு தாளும் கிடைக்கிறது. அதில் ஒரு பயனர் பெயரும் ஒரு கடவுச்சொல்லும் அச்சிடப்பட்டிருக்கும். சில கல்லூரிகளில் இவை கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வந்து சேரும். அடையாள அட்டை கழுத்தில் ஏறுகிறது; அறைச்சாவி சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது; அந்தத் தாளோ பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்தின் இடையே செருகப்பட்டு மறக்கப்படுகிறது. இவற்றுள் மதிப்பு மிக்கது அந்தத் தாள்தான்.

அந்தக் கணக்கு எவற்றையெல்லாம் திறக்கிறது என்று எண்ணிப் பார்ப்போம். கட்டணம் செலுத்தும் பக்கம், வருகைப்பதிவு, தேர்வு முடிவுகள், வளாக வைஃபை, நூலகம், வேலைவாய்ப்புப் பிரிவின் அறிவிப்புகள், பேராசிரியர்களுடனான கடிதப் போக்குவரத்து என அனைத்தும் ஒரே கடவுச்சொல்லின் பின்னால் நிற்கின்றன. இத்துடன் 2025ஆம் ஆண்டு முதல் மற்றொரு பெரிய கதவும் சேர்ந்துள்ளது. மத்திய அரசின் ‘ஒரே நாடு, ஒரே சந்தா’ திட்டத்தின்படி, முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்கள் படிக்கலாம். 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு இதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 6,000 கோடி ரூபாய். ஒரு சிற்றூரின் அரசுக் கல்லூரியில் பயிலும் மாணவி, முன்பு பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டுமே புரட்டப்பட்ட இதழ்களைத் தன் நிறுவனத்தின் வழியே இன்று படிக்க முடிகிறது என்பது சிறிய செய்தியன்று.

இந்நிலை ஒரே நாளில் வந்ததும் அன்று. 1986ஆம் ஆண்டு மத்திய அரசின் மின்னணுவியல் துறை, ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியுடன் எர்நெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பைத் தொடங்கியது. தில்லி, மும்பை, கான்பூர், கரக்பூர், சென்னை ஆகிய ஐந்து ஐஐடிகளும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும், மும்பையில் அன்றிருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் அதன் முதல் பங்காளிகள். தொலைபேசி இணைப்பின் வழியே மெதுவாகச் சென்ற மின்னஞ்சலே இந்தியக் கல்விக்கூடங்களின் முதல் இணைய அனுபவம். இன்றும் ‘.ஏசி.இன்’ என்று முடியும் முகவரிகளைப் பதிவு செய்துதரும் அமைப்பு எர்நெட் இந்தியாதான். முறையான கல்வி நிறுவனம் என்று நிறுவாமல் அந்த முகவரியைப் பெற இயலாது.

இங்கேதான் திருடர்களின் ஆர்வமும் தொடங்குகிறது. யாரும் எளிதில் பெற முடியாத முகவரி என்பதாலேயே அதற்கு நம்பகத்தன்மை மிகுதி. முன்பின் அறியாத முகவரியிலிருந்து வரும் கடிதத்தை ஐயத்துடன் பார்க்கும் மாணவர், தம் கல்லூரியின் பெயரோடு முடியும் முகவரியிலிருந்து வந்தால் உடனே திறந்துவிடுகிறார். எனவே மோசடிக்காரர் புதிதாக ஒரு போலி முகவரியை உருவாக்க மெனக்கெடுவதில்லை; உண்மையான மாணவர் ஒருவரின் கணக்கைக் கைப்பற்றுவதே அவருக்கு இலாபம்.

அது நிகழும் முறை பெரும்பாலும் இவ்வாறே அமைகிறது. ‘தங்கள் அஞ்சல்பெட்டி நிறைந்துவிட்டது, இன்று மாலைக்குள் உறுதிசெய்யாவிடில் கணக்கு மூடப்படும்’ என்றொரு கடிதம் வருகிறது. கணினி மையத்தின் பெயரும் கல்லூரியின் முத்திரையும் அதில் இருக்கின்றன. இணைப்பைச் சொடுக்கினால், கல்லூரியின் உள்நுழைவுப் பக்கத்தைப் போலவே தோன்றும் பக்கம் திறக்கிறது. தேர்வுக்கால அவசரத்தில் இருக்கும் மாணவர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டுவிடுகிறார். பக்கம் ஒருமுறை மின்னி, உண்மையான கல்லூரித் தளத்திற்கே அழைத்துச் செல்கிறது. ஏதோ இணையக் கோளாறு என்று அவர் நினைத்துக்கொள்கிறார். அந்தச் சில நொடிகளில் அவருடைய கணக்கு வேறொருவருக்கும் உரியதாகிவிட்டது.

உள்ளே நுழைந்தவர் செய்யும் முதல் வேலை, பெட்டியில் தேடுவது. ஆதார், பான், கல்விக் கடன், கணக்கு அறிக்கை ஆகிய சொற்களைத் தட்டினால் போதும். கல்வி உதவித்தொகைக்காக அனுப்பிய அட்டைகளின் நகல்கள் ‘அனுப்பியவை’ பகுதியில் அப்படியே கிடக்கும். வங்கிகள் அனுப்பும் கணக்கு அறிக்கைகளுக்குத் தனிக் கடவுச்சொல் உண்டு. ஆனால் அது பெயரின் சில எழுத்துகளையும் பிறந்த தேதியையும் சேர்த்து அமைவது வழக்கம். அந்த வாய்பாடு அதே கடிதத்திலேயே விளக்கப்பட்டிருக்கும். பிறந்த தேதியோ ஆதார் நகலில் இருக்கிறது. பூட்டும் சாவியும் ஒரே பெட்டியில் இருப்பதாகவே இதைக் கொள்ள வேண்டும்.

அடுத்த வேலை, அந்த முகவரியிலிருந்து சக மாணவர்களுக்குக் கடிதம் எழுதுவது. பகுதிநேர வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், வாரத்திற்கு இவ்வளவு ஊதியம் என்று அது ஆசை காட்டும். வேலை என்னவென்றால், ஒரு நிறுவனத்தின் ‘வாடிக்கையாளர்கள்’ செலுத்தும் பணத்தைத் தம் சேமிப்புக் கணக்கில் பெற்று, ஒரு சிறு பங்கை எடுத்துக்கொண்டு மீதியை வேறு கணக்கிற்கு அனுப்புவதாகும். இன்னும் சிலரிடம் கணக்கையே, ஏடிஎம் அட்டையுடனும் சிம் அட்டையுடனும், மாத வாடகைக்குக் கேட்பார்கள். உழைப்பே இல்லாமல் சில ஆயிரம் ரூபாய் கிடைக்கிறதே என்று மகிழும் மாணவர், தாம் பெறுவது வேறெங்கோ ஏமாற்றப்பட்ட ஒருவரின் பணம் என்பதை அறிவதில்லை. சிலர் அறிந்தும் கேட்பதில்லை.

வங்கித் துறையில் இத்தகைய கணக்கை ‘மியூல் கணக்கு’ என்பர். பிறருடைய சுமையைச் சுமக்கும் கோவேறு கழுதையிலிருந்து வந்த பெயர். இவற்றைக் கண்டறிவதற்காக ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் ‘மியூல்ஹண்டர்.ஏஐ’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை உருவாக்கியுள்ளது. 2024 டிசம்பரில் இது அறிவிக்கப்பட்டது. மாதம் இரண்டாயிரம் ரூபாய் மட்டுமே வரவு வைக்கப்பட்ட ஒரு மாணவர் கணக்கில் திடீரென்று இலட்சக்கணக்கில் பணம் வந்து சில நிமிடங்களில் வெளியேறினால், அது கவனத்திற்கு வராமல் போகாது.

பணத்தை இழந்தவர் வேறொரு மாநிலத்தில் புகார் செய்தவுடன், அப்பணம் கடந்து சென்ற கணக்குகளை முடக்குமாறு காவல்துறையிடமிருந்து வங்கிக்கு அறிவிப்பு வருகிறது. அந்தக் கணக்கில்தான் மாணவரின் கல்வி உதவித்தொகையும் வந்து சேர வேண்டும். அதிலிருந்துதான் விடுதிக் கட்டணமும் செலுத்தப்பட வேண்டும். கிளை மேலாளர் நினைத்தாலும் தம் விருப்பப்படி அந்த முடக்கத்தை நீக்க இயலாது. மொழி தெரியாத ஊரின் காவல் நிலையத்திற்கு எழுத்து மூலம் விளக்கம் அளிக்க வேண்டியிருக்கும். நேரில் வரச்சொல்லி அழைப்பாணை வருவதும் உண்டு. மோசடி செய்த முதன்மைக் குற்றவாளி யாரென்று தெரியாமல் போகலாம். ஆனால் கணக்கு வைத்திருப்பவரின் பெயர், புகைப்படம், முகவரி, பெற்றோர் பெயர் யாவும் வங்கியின் பதிவேட்டில் தெளிவாக இருக்கின்றன. இருபது வயதில் வேலைக்கு விண்ணப்பிக்க இருக்கும் ஒருவருக்கு இது எத்தகைய இடர் என்பதைப் பெற்றோர் தம் பிள்ளைகளிடம் வெளிப்படையாகப் பேசுவது நல்லது. கண்டிப்பதைவிடக் கணக்கு எவ்வாறு முடக்கப்படுகிறது என்று விளக்குவது கூடுதல் பயன் தரும் என்பது நமது கருத்து.

கடவுச்சொல் திருட்டு என்பது வெளியிலிருந்து வரும் தீமை மட்டுமன்று. அதன் வரலாறே கல்லூரி வளாகத்தில்தான் தொடங்குகிறது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் பேராசிரியர் ஃபெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, பலர் ஒரே கணினியைப் பகிர்ந்து பயன்படுத்தும் முறையை உருவாக்கியது. ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் இருக்க வேண்டும் என்பதால் கடவுச்சொல் அங்கே நடைமுறைக்கு வந்தது. கணினி நேரம் அரிதாக இருந்த காலம் அது. முனைவர் பட்டத்திற்குப் பயின்ற ஆலன் ஷெர் என்பவருக்கு ஒதுக்கப்பட்ட நேரம் அவருடைய ஆய்வுக்குப் போதவில்லை. 1962இல் அவர், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டுத் தருமாறு கணினிக்கு ஆணையிட்டு அதைப் பெற்றுக்கொண்டார். பிறர் பெயரில் நுழைந்து தம் பணியைத் தொடர்ந்தார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதைச் சொன்ன பிறகுதான் செய்தி வெளிவந்தது.

இதைவிடக் கடுமையானது 1988 நவம்பர் 2ஆம் நாள் நிகழ்ந்தது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் டப்பன் மாரிஸ் எழுதிய ஒரு நிரல், அன்றைய இணையத்தின் கணினிகளில் தானாகப் பரவத் தொடங்கியது. ஏறத்தாழ ஆறாயிரம் கணினிகள் செயலிழந்தன என்பது அக்காலத்து மதிப்பீடு. அந்த நிரல் பயன்படுத்திய வழிகளுள் ஒன்று, கடவுச்சொல்லை ஊகிப்பது. பயனர் பெயரையே முதலில் போட்டுப் பார்க்கும். அதைத் தலைகீழாக்கிப் பார்க்கும். பிறகு தன்னிடமிருந்த 432 சொற்களின் பட்டியலை எடுத்துக்கொள்ளும். அதுவே பல இடங்களில் போதுமானதாக இருந்தது. மாணவருக்கு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூகப் பணி, 10,050 டாலர் அபராதம் எனத் தண்டனை விதிக்கப்பட்டது. யுனிக்ஸ் கணினிகளில் கடவுச்சொற்களைப் பாதுகாப்பது எப்படி என்று 1979இல் வெளியான புகழ்பெற்ற கட்டுரையின் ஆசிரியர்களுள் ஒருவர் அவருடைய தந்தை என்பது வரலாற்றின் ஒரு குறும்பு.

நாற்பது ஆண்டுகள் ஆகப்போகின்றன. ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள் குறையவில்லை. நம் நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் முதலில் தரப்படும் கடவுச்சொல் மாணவரின் பிறந்த தேதியாகவோ பதிவெண்ணாகவோ இருக்கிறது. பதிவெண் வகுப்பறைச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது. பிறந்த தேதி நண்பர்களின் வாழ்த்துகளால் ஊரறிந்தது. அதை முதல் நாளே மாற்றாத மாணவர், கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே விட்டவர் ஆகிறார். ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கைந்து சொற்களைச் சேர்த்து நீளமான கடவுச்சொல் அமைப்பது, சிறு சொல்லில் எண்ணையும் குறியையும் திணிப்பதைவிடப் பாதுகாப்பானது, நினைவிலும் நிற்கும். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியும் அமைக்கலாம். எதுவாயினும், அதே சொல்லை வங்கிச் சேவைக்கும் பயன்படுத்துதல் கூடாது. கல்லூரி இரண்டடுக்குச் சரிபார்ப்பை வழங்கினால், தொந்தரவு என்று கருதாமல் அதை இயக்கிக்கொள்ள வேண்டும்.

விடுதி வாழ்க்கையின் இயல்பு வேறு. அங்கே வாளி பொது, சைக்கிள் பொது, ஊரிலிருந்து வந்த முறுக்கும் பொது. ‘உன் பாஸ்வேர்டைக் கொடு, விருப்பப் பாடத்தை நானே பதிவுசெய்துவிடுகிறேன்’ என்று அறைத்தோழர் கேட்கும்போது மறுப்பது நட்புக்கு இழுக்கு என்றே மாணவர் எண்ணுகிறார். ஆனால் சைக்கிளைக் கடன் வாங்கியவர் விபத்தில் சிக்கினால் ஓட்டியவர் யாரென்று பார்த்தவர் சொல்வார். கணினிப் பதிவேடு அவ்வாறு சொல்லாது. எந்தக் கணக்கு, எந்த நேரம், எந்த இணைய முகவரி என்பவையே அதில் பதிவாகின்றன. விசைப்பலகையின் முன் அமர்ந்திருந்தவர் யாரென்று அதற்குத் தெரியாது. கையொப்பமிட்ட வெற்றுக் காசோலையை நெருங்கிய நண்பரிடம்கூட நாம் தருவதில்லை. அதனால் நட்பு முறிந்ததும் இல்லை.

சட்டமும் இதனை விளையாட்டாகக் கருதவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000, பிரிவு 66சி, பிறருடைய கடவுச்சொல்லை நேர்மையற்ற முறையில் பயன்படுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனையும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமளிக்கிறது. கணினி வழியே வேறொருவராக நடித்து ஏமாற்றுவதற்குப் பிரிவு 66டி-யின்கீழ் அதே அளவு தண்டனை உண்டு. வகுப்புத் தோழியின் பெயரில் வேடிக்கைக்காகக் கடிதம் அனுப்புபவரும், அவ்வேடிக்கை எந்த இடத்தில் குற்றமாகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நலம்.

நூலகக் கணக்கின் முறைகேடு பற்றியும் ஒரு சொல். ஆய்விதழ்களின் ஒப்பந்தங்கள் தனிப்பட்ட படிப்புக்காக ஒருவர் கட்டுரைகளை இறக்கிக்கொள்வதை அனுமதிக்கின்றன. ஒரு நிரலை எழுதி ஓர் இதழின் எல்லாத் தொகுதிகளையும் ஒரே இரவில் இறக்குவதை அனுமதிப்பதில்லை. அவ்வாறு நிகழ்ந்தால் பதிப்பகம் பெரும்பாலும் அந்த ஒருவரை மட்டும் தடுப்பதில்லை. முழு வளாகத்தின் இணைப்பையே நிறுத்திவைக்கிறது. ஒருவருடைய ஆர்வக்கோளாறினால், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் காத்திருக்கும் முனைவர் பட்ட மாணவர்கள் பல நாட்கள் வெறுங்கையுடன் இருக்க நேரிடும். கணக்கை வெளியாட்களுக்குக் கடனாகத் தருவதும் இதே வகையைச் சேர்ந்தது.

கல்லூரி மின்னஞ்சல் நிறுவனத்தின் உடைமை. மாணவருக்கு அது பயன்பாட்டிற்காகத் தரப்பட்டது. சேர்க்கையின்போது கையெழுத்திடப்படும் கணினிப் பயன்பாட்டு விதிகளில் இது தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கும். முறையான விசாரணை வரும்போது நிர்வாகம் அதைப் பார்க்க இயலும். எனவே வணிக விளம்பரம், சங்கிலிக் கடிதம், வதந்தி ஆகியவற்றுக்கு அது இடமன்று. சங்கிலிக் கடிதத்தின் ஆற்றலைக் குறைத்து மதிப்பிட வேண்டாம்: 1987 டிசம்பரில் ஜெர்மனியின் கிளவுஸ்தால் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து நிரல், திரையில் ஒரு மரத்தை வரைந்து காட்டிவிட்டு, பெற்றவரின் முகவரிப் பட்டியலில் உள்ள அனைவருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. ஐரோப்பியப் பல்கலைக்கழக வலையமைப்பைக் கடந்து, அமெரிக்கா சென்று, ஐபிஎம் நிறுவனத்தின் உள்வலையையும் அது திணறடித்தது. அனுப்பியவரின் நோக்கம் வாழ்த்துதான்.

பேராசிரியருக்கு எழுதும்போது பொருள் வரியும் பதிவெண்ணும் இருத்தல், நானூறு பேர் கொண்ட பட்டியலுக்கு ‘நன்றி’ என்று மறுமொழி அனுப்பாதிருத்தல் போன்ற மரபுகளை மாணவர்கள் தாமாகவே கற்றுக்கொள்வர். கவனிக்க வேண்டியது பகிரப்படும் கோப்புகளைத்தான். சுற்றுலா ஏற்பாட்டிற்காக வகுப்பினரின் கைப்பேசி எண், பெற்றோர் பெயர், ஆதார் எண் ஆகியவற்றை ஒரே அட்டவணையில் திரட்டி, ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று திறந்துவிடுவது அன்றாடக் காட்சியாகிவிட்டது. சுற்றுலா முடிந்து ஈராண்டு ஆன பின்னரும் அந்த இணைப்பு உயிருடன் இருக்கும். பணி முடிந்தவுடன் அதை நீக்கிவிடுவதற்கு ஒரு நிமிடம் போதும். கணினி ஆய்வகத்தில் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுவதும், உலாவி கேட்கும்போது கடவுச்சொல்லைச் சேமிக்க மறுப்பதும் அவ்வாறே. பொதுக் கணினியில் வங்கிப் பரிவர்த்தனை வேண்டவே வேண்டாம்.

கணக்கு பறிபோனது என்ற ஐயம் எழுந்தால், வேறொரு நம்பகமான கருவியிலிருந்து உடனே கடவுச்சொல்லை மாற்றிக் கணினி மையத்திற்குத் தெரிவிக்க வேண்டும். அஞ்சல் அமைப்புகளில் அறிமுகமில்லாத முகவரிக்குக் கடிதங்கள் தானாகத் திருப்பிவிடப்படுகின்றனவா என்பதையும் பார்த்தல் அவசியம்; கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் திருடர் தொடர்ந்து படிக்கும் வழி அதுவே. பணம் சென்றிருந்தால் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். வங்கிக்கும் அதே மணி நேரத்தில் தெரிவிப்பது முக்கியம். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை மாதச் சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறோ வாடிக்கையாளரின் தவறோ இன்றி மூன்றாம் தரப்பின் ஊடுருவலால் நிகழ்ந்த இழப்பை, தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. கடவுச்சொல்லையோ ஓடிபி-யையோ தாமே பகிர்ந்திருந்தால், அறிவிக்கும் வரையிலான இழப்பு அவரையே சாரும். வங்கியிலிருந்து வந்ததாகக் கூறும் இணைப்புகளைச் சரிபார்க்க இப்போது ஓர் எளிய வழியும் உண்டு: 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் தம் இணையதள முகவரியை ‘.பேங்க்.இன்’ என முடிவதாக மாற்றிக்கொள்ள வேண்டும் என ரிசர்வ் வங்கி பணித்தது.

இறுதியாண்டு மாணவர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் உரிய ஒரு செய்தி எஞ்சியுள்ளது. கல்விக் கடன் பெறும்போதும் சேமிப்புக் கணக்கு தொடங்கும்போதும் பலர் கல்லூரி மின்னஞ்சலையே பதிவு செய்துவிடுகின்றனர். பட்டம் பெற்றபின் அக்கணக்கு எவ்வளவு காலம் நீடிக்கும் என்பது கல்லூரியின் முடிவு. முன்பு சில நிறுவனங்கள் அதை நெடுங்காலம் விட்டுவைத்தன. ஆனால் கூகுள் நிறுவனம் கல்விக்கூடங்களுக்கு அளித்துவந்த வரம்பற்ற சேமிப்பிடத்தை நிறுத்தி, 2022 முதல் ஒரு நிறுவனத்திற்கு 100 டெராபைட் பொதுவில் என அடிப்படை வரம்பு விதித்தபின், பழைய மாணவர்களின் கணக்குகளை மூடுவது பெருகியுள்ளது. கடனைத் திருப்பிச் செலுத்தத் தொடங்கும் வேளையில் தவணை அட்டவணையும் வட்டிச் சான்றிதழும் மூடப்பட்ட பெட்டிக்குச் செல்கின்றன. அறிவிப்பு கிடைக்காமல் தவணை தவறினால் கடன் தகுதி மதிப்பெண் குறைகிறது. முதல் வேலையில் சேர்ந்த ஓராண்டிற்குள் வாகனக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அது தெரியவரும்.

ஆதலால் வங்கி, வருமான வரி, டிஜிலாக்கர், உதவித்தொகைத் தளம் ஆகியவற்றுக்குத் தொடக்கத்திலிருந்தே தனிப்பட்ட மின்னஞ்சலைத் தருதல் வேண்டும். ஏற்கெனவே கல்லூரி முகவரியைத் தந்திருப்பவர்கள், கடைசிப் பருவத் தேர்வுக்கு முன்பே இணைய வங்கிச் சேவையின் வழியாகவோ, அடையாளச் சான்றுடன் தங்கள் கிளைக்கு நேரில் வந்து விண்ணப்பம் அளித்தோ அதை மாற்றிக்கொள்ளலாம். கல்விக் கடன் வேறொரு கிளையில் இருந்தால் அங்கும் தனியே தெரிவித்து, மாற்றம் பதிவானதற்கான குறுஞ்செய்தி வந்த பின்னரே பழைய பெட்டியில் உள்ள சான்றிதழ்களை நகலெடுத்துக்கொண்டு அதனை விடுவது நல்லது.